திருப்பாலைக்குடிக் கரையில் 1890 வாக்கில் பிறந்த பூட்டன்: எந்தப் பதிவேட்டில் தொடங்குவது?

நெய்தல்பேரன் (கேள்வி)

அப்பாவுடைய தாத்தாவைப் பற்றி அரசுப் பதிவேடுகளில் என்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்திருக்கிறேன். தெரிந்தது இவ்வளவுதான்.

பெயர் கருப்பையா. அவருடைய தகப்பனார் முத்திருளன் என்று வாய்மொழியாகச் சொல்வார்கள், எழுத்தில் இல்லை. ஊர், தேவிபட்டினத்துக்கு வடக்கே திருப்பாலைக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு குடியிருப்பு. தொழில் கடல். கொஞ்சம் பனங்காடும் இருந்திருக்கிறது. சிலோனுக்கு இரண்டு தடவை போய்வந்தவர். இறந்தது "சண்டைக் காலத்தில்", அதாவது 1939-க்கும் 1945-க்கும் நடுவில். பிறப்பு 1890 வாக்கில் இருக்கலாம் என்பது நாங்கள் போட்ட கணக்கு.

கையில் இருக்கும் காகிதம் இரண்டு. 1952-ல் தாத்தா நிலம் விற்ற பத்திரத்தின் நகல். அதில் "காலஞ்சென்ற கருப்பையா குமாரர்" என்று வருகிறது. இன்னொன்று தாத்தா பெயரிலுள்ள யு.டி.ஆர். பட்டா (நிலக் கணக்கைத் திருத்தி எழுதியபோது வந்தது).

இவருடைய பிறப்பு, இறப்புப் பதிவு எங்கே இருக்கும்? ஆன்லைனில் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. சிலோன் போனதற்கு ஏதாவது பதிவு இருக்குமா? ராமநாதபுரம் போய் அலைவதற்கு முன்னால் எதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும்?

பழம்பத்திரம்

பிறப்புப் பதிவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 1890-ல் ஒரு கரையூரில் பிறந்த பிள்ளைக்குப் பதிவு கிடைத்தால் அது அதிர்ஷ்டம். உங்களிடம் சாவியாக இருப்பது 1952 பத்திரம். அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. ஊரின் நிர்வாகச் சரித்திரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதிவேடுகளை ஆள் பெயரில் அடுக்கி வைப்பதில்லை. அலுவலகம், ஊர், ஆண்டு, இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் பெயருக்கே வேலை. உங்கள் கரை 1910 ஜூன் 1 வரை மதுரை ஜில்லா. அன்றைக்குத்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பகுதிகளை வெட்டி ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினார்கள். 1985 மார்ச்சில் அது மூன்றாகப் பிரிந்தது. ஆகவே 1905-ம் வருஷத்துப் பத்திரம் ஒன்று கிடைத்து, அதில் "மதுரை ஜில்லா" என்றிருந்தால் வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள்.

தாலுகாவும் அப்படித்தான். தேவிபட்டினம் ராமநாதபுரம் தாலுகா. திருப்பாலைக்குடி முன்பு திருவாடானை, இப்போது ஆர்.எஸ். மங்கலம். நீங்கள் சொல்லும் இடம் இரண்டுக்கும் நடுவில். குடியிருப்பின் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடல் ஓரத்துக் குடியிருப்புகள் பல, உள்ளே தள்ளி இருக்கும் தாய்க்கிராமத்தின் பெயரிலேயே கணக்கில் ஏறியிருக்கும். யு.டி.ஆர். பட்டாவின் தலையில் மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் என்று மூன்று வரி இருக்கும் பாருங்கள். அலுவலகத்தில் சொல்ல வேண்டியது அந்தக் கிராமப் பெயர். வீட்டில் வழங்கும் பெயரைச் சொல்லித்தான் பாதிப் பேர் "பதிவு இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறார்கள்.

இனி பத்திரம். 1952 நகலின் முகப்பிலோ கடைசிப் பக்கத்தின் பின்புறமோ சார்பதிவாளரின் குறிப்பு இருக்கும்: ஆவண எண், ஆண்டு, 1 புத்தகம், தொகுதி, பக்கங்கள். அந்தக் குறிப்பிலிருந்து எந்தச் சார்பதிவகம் என்று தெரியும். பிறகு உள்ளே பாத்தியதையைச் சொல்லும் வரியைத் தேடுங்கள். "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" என்றிருந்தால் தகப்பன் வழி வந்த சொத்து, முன் பத்திரம் இல்லாமலே இருக்கலாம். "இன்ன வருஷத்துக் கிரயப்படி", "இன்ன வருஷத்து ஒத்தி மீட்டபடி" என்றிருந்தால் அதுதான் அடுத்த படி (ஒத்தி என்பது நிலத்தை அனுபவத்துக்குக் கொடுத்து வைக்கும் அடமானம்).

சார்பதிவகத்தில் 1 புத்தகம் என்பது அசையாச் சொத்துக்கானது. அதற்கு இரண்டு அட்டவணை உண்டு. முதல் அட்டவணை எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர் வாரியாக. இரண்டாவது சொத்து வாரியாக. வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டால் சொத்து வழியாகத்தான் வரும். அதிலும் ஆன்லைனில் பொதுவாக 1975 முதல்தான். உங்களுக்கு வேண்டியது முதல் அட்டவணையில் கையால் தேடுவது. 1 புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், பதிவுச் சட்டம் 57-ம் பிரிவு. உயில் இருக்கும் 3 புத்தகமும் இதர ஆவணங்கள் இருக்கும் 4 புத்தகமும் அப்படியல்ல, பாத்தியஸ்தர்தான் கேட்க முடியும். தேடல் கட்டணம் ஆண்டுக் கணக்கு. "1900 முதல் 1950 வரை" என்று கேட்டால் பணமும் போகும், தேடுகிறவரும் சலித்துப்போவார். ஐந்து ஐந்து வருஷமாகக் கேளுங்கள்.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், அந்தக் காலத்துப் பத்திரத்தின் முதல் மூன்று வரியே ஒரு ஆளின் சுருக்கமான சரித்திரம். அமைப்பு இப்படி இருக்கும்:

"ராமநாதபுரம் ஜில்லா திருவாடானை தாலுகா (இன்ன) கிராமத்திலிருக்கும் முத்திருளன் குமாரன் (ஜாதி), (ஜீவனம்) கருப்பையா, மேற்படியூரிலிருக்கும்…"

தகப்பன் பெயர், குடியிருந்த ஊர், சாதி, தொழில் நான்கும் ஒரே மூச்சில். கடைசியில் கையெழுத்து இருந்தால் எழுதத் தெரிந்தவர். "கருப்பையா கைநாட்டு" என்றோ "தற்குறி" என்றோ இருந்தால் தெரியாதவர். பதிவுக் குறிப்பில் அவரை அடையாளம் காட்டிய இரண்டு பேர் பெயர் இருக்கும். அவர்கள் மச்சானாகவோ பங்காளியாகவோ இருக்க நிறைய வாய்ப்பு.

சர்வே நம்பர் இல்லாத காலத்துப் பத்திரத்தில் நான்கு மால், அதாவது நான்கு பக்க எல்லை, எழுதுவார்கள்: "கிழக்கே சமுத்திரக் கரைக்கும், மேற்கே இன்னார் புஞ்சைக்கும், வடக்கே இன்னார் பனங்காட்டுக்கும்…" அந்த இன்னார்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்காரன் அனேகமாகப் பங்காளிதான், அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட நிலமாக இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று அகப்பட்டுவிட்டால் மூன்று தலைமுறை ஒரே தாளில் வந்துவிடும். மைனர் பிள்ளை இருந்தால் "மைனருக்குக் கார்டியன் தாயார்" என்று பெயரோடு வரும். அந்த வருஷத்தில் அவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றும் தெரிந்துவிடும்.

நிலக் கணக்கைப் பற்றி ஒன்று. இந்தக் கரை ராமநாதபுரம் சமஸ்தானம். 1948-ம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி 1949-ல்தான் அரசு எடுத்துக்கொண்டது. அதுவரை பட்டா கொடுத்ததும், பதிலுக்குக் குடியானவரிடம் முச்சிலிக்கா (ஒப்புதல் சீட்டு) வாங்கியதும் சமஸ்தானம். அதனால் தாலுகா ஆபீஸில் போய் "1920-ம் வருஷத்து அ-பதிவேடு" (அரசின் கிராம நிலப் பதிவேடு) கேட்டால் இல்லை என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஒழிப்புக்குப் பின் செட்டில்மெண்ட் செய்து எழுதிய எஸ்.எல்.ஆர். பதிவேட்டைக் கேளுங்கள். யு.டி.ஆர். என்பது 1979 முதல் 1987 வரை நடந்த திருத்தம். அதில் தகப்பன் பெயர் மாறிப்போனதும், ஐந்து பேர் கூட்டுப் பட்டா மூத்தவன் ஒருத்தன் பெயரில் ஏறியதும் சர்வசாதாரணம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் யு.டி.ஆரை நம்பி வம்சாவளி எழுதாதீர்கள்.

கச்சேரித்தாள்

மேலே எழுதியவர் சொன்னது சரி. ஆனால் பிறப்புப் பதிவை மறந்துவிடச் சொன்னாரே, இறப்புப் பதிவையும் சேர்த்து மறந்துவிட வேண்டாம். 1939–45 என்றால் நல்ல வாய்ப்பு இருக்கிறது.

மதராஸ் மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899-ல் தனிச் சட்டம் வந்தது, மூன்றாம் எண் சட்டம். கிராமத்தில் எழுதியவர்கள் முன்சீப் (கிராமத் தலைவர்), கர்ணம் (கணக்குப்பிள்ளை). 1969-ம் வருஷத்து மத்தியச் சட்டம் வந்த பிறகும் அவர்கள்தான். 1980 நவம்பரில் அந்தப் பதவிகளை ஒழித்து, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.) வந்தார்கள். பரம்பரைக் கர்ணம் வீட்டுப் பெட்டியில் கிடந்த கணக்குகள் கைமாறும்போது காணாமல் போனது இந்தக் கட்டத்தில்தான் அதிகம். கேட்க வேண்டிய வரிசை: பஞ்சாயத்துப் பகுதி என்றால் பழைய பதிவேடுகளுக்குச் சார்பதிவகம், அங்கே இல்லையென்றால் தாலுகா ஆபீஸ் பதிவறை. பேரூராட்சி, நகராட்சி என்றால் அந்தந்த அலுவலகம். வி.ஏ.ஓ.விடம் பழையது இருக்காது. ஆனால் எந்தக் குடியிருப்பு எந்தக் கிராமக் கணக்கில் இருந்தது என்று அவர் சொல்வார், அதற்காகப் பார்க்கலாம்.

ஆன்லைனில் வராததற்குக் காரணம் எளிது. பழைய கையெழுத்துப் பதிவேடுகளில் பெரும்பகுதி அதில் ஏறவில்லை. ஏறியவற்றிலும் பெயரைத் தட்டச்சு செய்தவர் கண்ணுக்கு என்ன பட்டதோ அதுதான். கருப்பையா, கறுப்பையா, கருப்பய்யா, கருப்பன், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இறப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு வரியாகப் படிக்கும்போது பெயரை நம்பாமல், தேதி, வயது, தகப்பன் அல்லது கணவர் பெயர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வயது எப்போதும் உருண்டையாகத்தான் இருக்கும்: 40, 50, 60. "60" என்று எழுதியிருந்தால் 53-ம் ஆகலாம், 67-ம் ஆகலாம். அதைக் கழித்துப் பிறந்த வருஷம் கண்டுபிடித்தேன் என்று மகிழ வேண்டாம். இறப்பின் காரணம் பேச்சு வழக்கில் இருக்கும், வாந்திபேதி, வைசூரி, காய்ச்சல் என்று. ஒரே மாதத்தில் பத்துப் பதினைந்து பேருக்கு வாந்திபேதி என்று வந்தால் ஊரில் காலரா. ஆனால் உங்களுக்குக் கொடுக்கும் இறப்புப் பதிவு நகலில் அந்தக் காரணம் வராது. 1969-ம் வருஷத்துச் சட்டத்தின் 17-ம் பிரிவு அதை வெளியிடக் கூடாது என்கிறது. சண்டை போட்டுப் பயனில்லை.

பூட்டனுடையது கிடைக்காவிட்டாலும் அவர் பிள்ளைகளுடைய பிறப்புப் பதிவைத் தேடுங்கள், 1915 முதல் 1935 வரை. இதில் இரண்டு இடத்தில் தவறுவார்கள்.

முதலாவது, பிள்ளையின் பெயரைக் கொண்டு தேடுவது. பழைய பதிவேட்டில் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலி. பிறந்த சில நாளில் சொல்லிப் பதிந்தது. பெயர் வைத்தது பிறகு. "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும். தகப்பன், தாய் பெயரைக் கொண்டுதான் தேட வேண்டும்.

இரண்டாவது, தலைப்பிரசவம். அது தாய்வீட்டில். பூட்டி எந்த ஊர்க்காரி என்று தெரியாமல் பூட்டன் ஊரில் தேடிக்கொண்டிருந்தால் மூத்த பிள்ளை கிடைக்கவே மாட்டான். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகள் இங்கே கிடைப்பார்கள். மூத்தவன் மட்டும் விட்டுப்போயிருந்தால் அதுவே ஒரு துப்பு. பூட்டியின் பிறந்த ஊரைக் கண்டுபிடித்து அங்கே தேடுங்கள். அங்கே கிடைத்தால் கூடவே பூட்டியின் தகப்பனாரும் கிடைப்பார்.

தேடிவிட்டு "பதிவு இல்லை" என்றால் வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கிராமம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடப்பட்டது என்று அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நீங்களே மறந்துபோய் அதே வருஷங்களுக்கு மறுபடி பணம் கட்டுவீர்கள்.

நெய்தல்பேரன்

இருவருக்கும் நன்றி ஐயா. 1952 பத்திரத்தை லென்ஸ் வைத்துப் படித்தேன். "என் தகப்பனார் கருப்பையா பிரமோதூத ௵ தை ௴ ௧௨ ௳ ஒத்தி வைத்து" என்று, அதாவது பிரமோதூத வருஷம் தை மாதம் 12-ம் தேதி என்று, ஒரு வரி இருக்கிறது. பிரமோதூத என்றால் 1930 என்று பார்த்தேன். அப்படியானால் 1930-ம் வருஷத்து அட்டவணையில் தேடச் சொல்லலாமா?

ஃபசலி

1930-ல் தேடினால் கிடைக்காது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. பிரமோதூத 1930 ஏப்ரலில் தொடங்கி 1931 ஏப்ரல் வரை. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த இங்கிலீஷ் வருஷத்தில் விழும். உங்கள் ஒத்தி 1931 ஜனவரி 25 ஒட்டி. பதிவு அன்றைக்கே நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. எழுதிய நாளிலிருந்து நான்கு மாதம் வரை பதிவுக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே 1931 முழுவதும் கேளுங்கள்.

அறுபது வருஷச் சுற்று என்பதை மறக்க வேண்டாம். பிரமோதூத 1870–71-லும் உண்டு, 1990–91-லும் உண்டு. வரியில் பூட்டனே உயிரோடு எழுதிக்கொடுத்திருப்பதால் இங்கே குழப்பம் இல்லை. வேறு காகிதத்தில் "தாது வருஷம்" என்று வந்தால் 1876–77-ஆ 1936–37-ஆ என்று கூட இருக்கும் பெயர்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு) வந்தால் 590 கூட்டுங்கள். ஃபசலி 1340 என்பது 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை. பட்டா, அடங்கல் (பயிர்க் கணக்கு), கிஸ்தி (நிலவரி) ரசீது எல்லாம் ஃபசலியில்தான் ஓடும். தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கத்துக் குடும்பக் காகிதங்களில் ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டும் வரும். அது சந்திர வருஷம், நேராகக் கூட்டிக் கழிக்க முடியாது, மாற்று அட்டவணை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணைப் படிப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கையெழுத்தில் ௧ என்பதும் க என்பதும் ஒன்றுபோல இருக்கும். ௨ என்பதும் உ என்பதும் அப்படியே. நாளைக் குறிக்கும் ௳ குறியைச் சிலர் வெறும் "உ" போலவே எழுதுவார்கள். "மீ ௧௨ உ" (மீ என்பது மாதக் குறி) என்று இருந்தால் கடைசி "உ" இரண்டு அல்ல, தேதி என்ற குறி. அதை 122 என்று படித்துவிட்டு மாதத்தில் 122 நாளா என்று விழிப்பார்கள். ௫ ரு போலவும், ௬ சு போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். இன்னும் பழையதில் இடமதிப்பு இல்லாமல் ௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) போட்டு எழுதுவார்கள். ௲௯௱௩௰௧ என்றால் 1931. ௸ வந்தால் "மேற்படி". மேற்படி எந்தப் பெயரைச் சுட்டுகிறது என்று ஒரு வரி மேலே போய்ப் பார்க்காமல் எழுதிக்கொள்ளாதீர்கள், தகப்பனும் மகனும் இடம் மாறிவிடுவார்கள்.

பழம்பத்திரம்

ஃபசலி சொன்னது சரி. ஒத்தி கிடைத்தால் அது மீட்கப்பட்டதா என்றும் பாருங்கள். 1931-ல் ஒத்தி வைத்து, 1952-ல் மகன் விற்கிறார் என்றால் நடுவில் யாரோ மீட்டிருக்க வேண்டும். மீட்பு ரசீதில் "கருப்பையா" என்றே இருந்தால் அந்தத் தேதியில் உயிரோடு இருக்கிறார். "காலஞ்சென்ற கருப்பையா பெண்ஜாதி" இன்னார் என்று இருந்தால் அதற்கு முன் இறந்துவிட்டார். இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கிக்கொண்டு வந்தால், இறப்புப் பதிவேட்டில் தேட வேண்டியது ஏழு வருஷத்திலிருந்து இரண்டு வருஷமாகக் குறையும். பூட்டியின் பெயரும் எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான்.

இன்னொன்று. பெயரன் என்ற சொல்லே பெயரை உடையவன் என்பதால் வந்தது. தாத்தா பெயர் பேரனுக்கு என்று போகும் வீட்டில் முத்திருளன் மகன் கருப்பையா, கருப்பையா மகன் முத்திருளன், மறுபடி கருப்பையா என்று சுற்றும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தங்கள் பிள்ளைக்கு ஒரே பெயர் வைத்திருப்பார்கள். 1931-ல் அந்த ஊரில் "முத்திருளன் மகன் கருப்பையா" ஒருத்தர்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நிலத்தின் மால், மனைவி பெயர், அடையாளம் காட்டிய சாட்சி, மூன்றில் இரண்டாவது ஒத்துப்போனால் மட்டும் உங்கள் ஆள்.

தலைமன்னார்_கப்பல்

சிலோன் கேள்விக்கு வருகிறேன். முதலில் எதற்குப் போனார் என்று தெரிய வேண்டும். தோட்டத்துக்குப் போனவருக்கு ஒரு வகைத் தடம். கொழும்புத் துறைமுகம், கடை, மீன்பிடி என்று போனவருக்கு வேறு வகை, அல்லது தடமே இல்லை.

தோட்டத்துக்கு என்றால் கங்காணி (ஆள் சேர்த்து மேய்ப்பவர்) மூலம். 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு அந்த வழி. மண்டபம் கேம்ப்பில் தங்கவைத்து மருத்துவப் பரிசோதனை முடித்துத்தான் கப்பலேற்றுவார்கள். தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் அடித்த தகர டிக்கெட்டைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். பெட்டியில் துளை போட்ட வட்டத் தகரம் ஏதாவது கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தோட்டக் கூலிப் பயணத்தை நிறுத்தியது. உங்கள் பூட்டன் தோட்டத்துக்குப் போனவர் என்றால் இரண்டு பயணமும் அதற்கு முன்பாகத்தான் இருக்க வேண்டும்.

கடல் தொழில்காரர் தோணியில் போய்வந்திருந்தால் பெயர்ப்பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். இலங்கையின் குடிவரவுச் சட்டமே 1948-ல்தான் வந்தது. இந்தக் கரையில் பலருக்கும் அக்கரை போய்வருவது அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போவது மாதிரி.

தடம் விழுவது அங்கே பிள்ளை பிறந்தாலோ, ஆள் இறந்தாலோதான். பிறப்பு, இறப்புப் பதிவுகள் இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் இருக்கின்றன. பிரதேசச் செயலகங்களிலும் நகல் வாங்கலாம். பதிவு எண் தெரியாவிட்டால் மாவட்டமும் ஆண்டும் குறிப்பிட்டுத் தேடச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தோட்டப் பெயர்கள் வீட்டில் தமிழில் ஒன்றும் பதிவில் இங்கிலீஷில் ஒன்றுமாக இருக்கும், அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அவர்களுடைய இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய் தகப்பன் பெயர், தொழில், இனம், இறந்த காரணம், புதைத்த அல்லது எரித்த இடம் வரை கட்டம் உண்டு. நம்மூர் நகலைவிட விவரம் அதிகம். பிற்காலத்துப் பிறப்புச் சான்றில் இன்னும் ஒரு வசதி: தகப்பனின் தகப்பன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று தனிக் கட்டம். தகப்பன் அங்கே பிறக்காமல் பூட்டன் அங்கே பிறந்திருந்தால் அதற்கும் ஒரு கட்டம். குடியுரிமைச் சட்டம் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்த கட்டங்கள் அவை. யாரை வெளியே வைக்கலாம் என்று பார்க்க வரைந்தது, இப்போது வம்சாவளிக்கு உதவுகிறது. உங்கள் சொந்தத்தில் யாராவது அங்கேயே தங்கிவிட்டிருந்தால் அவர்கள் வீட்டுச் சான்றுகளில் பாருங்கள். 1949-ம் வருஷத்து இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டப்படி 1951 ஆகஸ்டுக்குள் மனுப் போட்டவர்களும், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பியவர்களும் குடும்பம் முழுவதையும் பெயர், வயது, பிறந்த ஊர் என்று எழுதிக்கொடுத்திருப்பார்கள். அதில் இந்தியாவிலுள்ள பூர்வீகக் கிராமம் வரும். அந்தக் கிராமப் பெயர் மேலே பழம்பத்திரம் சொன்ன வருவாய்க் கிராமத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பாம்பன்_வாடை

இடையில் ஒரு கேள்வி. எங்களுடையது தனுஷ்கோடிப் பக்கம். 1964 டிசம்பர் புயலில் போனவருக்கு இறப்புப் பதிவே இல்லை, உடலும் கிடைக்கவில்லை. இந்த மாதிரி இடத்தில் என்ன செய்வது?

கச்சேரித்தாள்

உடல் கிடைக்காவிட்டால் அன்றைக்குப் பதிவு விழுந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பிறகு விழுந்திருக்கலாம். ஏழு வருஷம் ஆளைப் பற்றித் தகவல் இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டம் 108-ம் பிரிவு. சொத்து விற்கவோ வாரிசுச் சான்றுக்கோ குடும்பத்தார் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கியிருந்தால் 1971-க்குப் பிறகு பாருங்கள். 1964-ல் மட்டும் தேடிவிட்டு மூடிவிட வேண்டாம். அந்தத் தீர்ப்பின் அடிப்படையில் பதிவு ஏறியிருந்தால் அது தீர்ப்பு வந்த வருஷத்துப் பதிவேட்டில் இருக்கும்.

தீவின் நிலப் பத்திரங்களுக்கு ராமேஸ்வரம் சார்பதிவகம். ராமேஸ்வரம் தாலுகா பிற்காலத்தில் பிரிந்தது, பழைய வருவாய்க் கோப்புகளுக்கு ராமநாதபுரமும் கேட்க வேண்டும். கடலில் காணாமல் போன எவருக்கும் இதே வழிதான், புயல் என்று இல்லை. நெய்தல்பேரன், உங்கள் பூட்டன் "சண்டைக் காலத்தில் போனார்" என்றால் வீட்டில் போனாரா கடலில் போனாரா என்று பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கடலில் என்றால் இறப்புப் பதிவேட்டில் அதிக நாள் செலவழிக்க வேண்டாம், பத்திர வழியே போங்கள்.

ஓரியூர்_மணல்

சமயம் என்னவென்று நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் அரசுப் பதிவு அறுந்துபோகும் இடத்தில் அதுதான் கைகொடுக்கும். கத்தோலிக்கர் என்றால் பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகம். பழையது லத்தீனில் இருக்கும், ஞானத் தாய் தகப்பன் பெயரோடு. இந்தக் கரை இப்போது சிவகங்கை மறைமாவட்டம், 1987 வரை மதுரை. இஸ்லாமியர் என்றால் ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தகம். மணமகன், மணமகள், வலி (மணமகளின் காப்பாளர்), சாட்சிகள், மஹர் (மணக்கொடை) எல்லாம் இருக்கும். இந்துக் கல்யாணத்துக்கு அந்தக் காலத்துக்குப் பதிவே கிடையாது. எல்லாத் திருமணத்தையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2009-ல். 1912-ம் வருஷத்துக் கல்யாணத்துக்குச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

தாத்தா பள்ளிக்கூடம் போனவரானால் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர், தொழில், ஊர் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம், சேர்க்கும் அன்றைக்கு வாத்தியார் ஐந்து வயது வரும்படி போட்டதாக இருக்கலாம். ஜனத்தொகைக் கணக்கில் ஆள் பெயர் தேடாதீர்கள். தனி ஆள் விவரத்தைச் சட்டம் காட்ட விடாது, நமக்குக் கிடைப்பது தொகை மட்டும்.

பழம்பத்திரம்

போகும் முன் என்ன தயார் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு. "என் பூட்டனின் இறப்புச் சான்று வேண்டும்" என்று கேட்காதீர்கள். "இன்ன வருவாய்க் கிராமத்தின் 1935 முதல் 1950 வரையிலான இறப்புப் பதிவேடுகள் தற்போது எந்த அலுவலகத்தில் உள்ளன, எந்தெந்த ஆண்டுகளுக்கு இல்லை" என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மனு தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால் அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும், 6(3) பிரிவு. பதில் கையில் வந்த பிறகு பஸ் ஏறுங்கள்.

சார்பதிவகத் தேடல் மனுவில் ஒரு தாளில் இதை மட்டும் எழுதுங்கள்:

"கிராமம்: (பட்டாவில் உள்ளபடி). குடியிருப்பு: (வழங்கும் பெயர்). தேட வேண்டியது: 1 புத்தகம், முதல் அட்டவணை. பெயர்: கருப்பையா, த/பெ முத்திருளன்; கறுப்பையா, கருப்பன் என்றும் இருக்கலாம். எழுதிக்கொடுத்தவராகவும் எழுதிவாங்கியவராகவும். ஆவண வகை: ஒத்தி. காலம்: 1.1.1931 முதல் 31.12.1931 வரை."

"எழுதிக்கொடுத்தவராகவும் எழுதிவாங்கியவராகவும்" என்பதை விட்டுவிடாதீர்கள். எழுதிக்கொடுத்தவர் பெயரில் மட்டும் பார்த்துவிட்டு அட்டவணையை மூடிவிடுவார்கள். உங்கள் பூட்டன் நிலம் வாங்கிய பத்திரம் அதற்குள்ளேயே இருந்துவிடும்.